விழித்திரை அழற்சியா, விழித்திரை நோயா?

போன மாதம் சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. கண்ணைக் காட்டினீர்களா என்று கேட்டதற்கு, எங்கோ கண் முகாமில் வாங்கிய துண்டறிக்கையை எடுத்து வந்தார். 'கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு நீரிழிவு விழித்திரை அழற்சி வரும் வாய்ப்பு குறைவு' என்று அதில் ஒரு வரி. "எனக்குத்தான் கிட்டப்பார்வை இருக்கே. கண்ணு சிவக்கலை, வலிக்கலை. அப்புறம் எதுக்குப் போகணும்?" என்றார். அந்த வரியைக் கையை முழுசாக நீட்டிப் பிடித்துத்தான் படித்துக் காட்டினார்.

ஒரே வரியில் இரண்டு சொற்கள் அவரைத் தடம் மாற்றிவிட்டன.

முதல் சொல் சரியான சொல்தான். கிட்டப்பார்வை என்றால் கிட்டத்தில் இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது தெரியாது. ஆங்கிலத்தில் மையோப்பியா. அந்தச் சொல்லின் கிரேக்க மூலத்துக்குக் கண்ணை இடுக்கிப் பார்ப்பது என்று பொருள். பெரும்பாலும் விழி முன்பின்னாக நீண்டுவிடுவதால் வருவது. ஆனால் நாற்பதுக்கு மேல் பேப்பர் படிக்க முடியாமல் போவதையும் பலர் கிட்டப்பார்வை என்கிறார்கள். கிட்டத்துப் பார்வை போய்விட்டது என்ற கணக்கில் சொல்வது. அதற்கு வெள்ளெழுத்து என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறது. பழைய ஆட்கள் சாளேசுரம் என்பார்கள். நாற்பதைக் குறிக்கும் இந்துஸ்தானிச் சொல் வழியாக வந்தது. சித்தப்பாவுக்கு இருப்பது அதுதான். துண்டறிக்கை எழுதியவர் 'தூரத்தில் இருப்பது மங்கும் கிட்டப்பார்வை' என்று இரண்டு மூன்று சொல் கூடுதலாகப் போட்டிருக்கலாம்.

எனக்குக் கோபம் இரண்டாவது சொல்லின் மேல். விழித்திரை என்பது கண்ணுக்குள் பின்பக்கம் ஒளியை வாங்கும் படலம். அதில் வரும் நோயைச் சொல்லும் ரெட்டினோபதி என்ற ஆங்கிலச் சொல்லை 'விழித்திரை அழற்சி' என்று எழுதுவதை இதோடு எத்தனை முறை பார்த்துவிட்டேன். அழற்சி என்பது அழல் என்ற சொல்லிலிருந்து வந்தது. அழல் என்றால் நெருப்பு. சிவந்து, சூடேறி, வீங்கி, வலிப்பதைச் சொல்ல அதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆங்கிலத்தில் 'ஐடிஸ்' என்று முடியும் நோய்களுக்கு அதை வைத்தார்கள், சரி. விழித்திரை அழற்சி என்றால் ரெட்டினைட்டிஸ். கிருமித் தொற்றால் வருவது போன்றவை. 'பதி' என்று முடிவது வேறு. அது துன்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். மருத்துவத்தில் பொதுவாக நோய், கேடு என்று பொருள்படும். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், இரண்டும் ஒன்றாக வரும் பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார்?

நீரிழிவில் நடப்பதும் அழல் இல்லை. சர்க்கரை கூடியே இருப்பதால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் சுவர் நலிந்து, அங்கங்கே புடைத்து, கசிகிறது, சில அடைபடுகின்றன. ரத்தம் போதாத விழித்திரை புதுக்குழாய்களை வளர்க்கிறது, அவை எளிதில் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. இத்தனைக்கும் ஆரம்பத்தில் வலி இல்லை, சிவப்பு இல்லை, பார்வைகூட நன்றாகவே இருக்கும். அழற்சி என்று படித்தவர் சிவப்புக்காகக் காத்திருப்பார்.

நுண்ணளவில் அழற்சியின் கூறுகளும் அதில் உண்டே என்று சிலர் வாதாடுகிறார்கள். உண்டுதான். அதை வைத்து நோய்க்குப் பெயரிடவில்லையே. ஆங்கிலத்திலேயே ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று அழற்சியே அல்லாத ஒரு மரபணு நோய்க்குத் தவறான பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அவர்கள் தவறிய இடத்தில் நாமும் தவற வேண்டியதில்லை. நீரிழிவு விழித்திரை நோய் என்று எழுதினால் போதும். (நீரிழிவில் உள்ள இழிவும் கேவலம் இல்லை, நீர் இறங்குவது, ஒழுகுவது.) அதுவும் பிடிக்காவிட்டால் ரெட்டினோபதி என்றே தமிழில் எழுதட்டும். புரியாத சொல் என்றால் யாரிடமாவது கேட்டுக்கொள்வார்கள். புரிந்த மாதிரி இருக்கும் தவறான சொல்லைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

அந்த வரியில் சொன்ன செய்தி பொய் இல்லை. நீண்ட விழி உள்ளவர்களிடம் இந்த நோய் குறைவாகக் காணப்படுவதைப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. மெலிந்த விழித்திரைக்கு உயிர்வளித் தேவை குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு என்று காரணம் ஊகிக்கிறார்கள். குறைவு என்றால் வராது என்று ஆகாது. கிட்டப்பார்வை கடுமையாக இருந்தால் விழித்திரை பிரியும் ஆபத்து தனியாக இருக்கிறது. இன்னொன்று: சர்க்கரை திடீரென ஏறும்போது கண்ணின் வில்லை (லென்ஸ்) மாறி, தூரம் மங்கி, தற்காலிகக் கிட்டப்பார்வையும் வரும். சர்க்கரை இறங்கிச் சில வாரங்களில் சரியாகிவிடும். அதற்குள் கண்ணாடி வாங்கினால் காசு வீண். அது வில்லையில் நடப்பது, விழித்திரையில் இல்லை.

சித்தப்பாவை மறுநாளே அழைத்துப் போனேன். சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்துப் பார்த்த டாக்டரிடம், "அழற்சியா டாக்டர்?" என்று கேட்டார். "இல்லைங்க, உள்ளே ரத்தக்குழாய் ரெண்டு மூணு இடத்துல புடைச்சிருக்கு, லேசா கசியுது" என்றார் அவர். சித்தப்பாவுக்கு உடனே புரிந்தது.