வரப்பு தாண்டிய பிறகு

வீட்டுக்கு வரும் சமையல் சிலிண்டருக்குள் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. அது எரிந்து தீரும்போது காற்றில் சேரும் கரியமில வாயு ஏறத்தாழ 42 கிலோ. பதினான்கு எப்படி நாற்பத்திரண்டாகிறது? எரிவாயுவில் உள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. எடையில் பெரும்பகுதி அந்த ஆக்சிஜனுடையது. ஒரு மாதச் சாப்பாட்டின் சுவடு இப்படி அடுப்பிலேயே எழுதப்படுகிறது. உணவால் பூமி சூடாவதைப் பற்றிப் பேசும்போது நாம் மாட்டையும் நெல் வயலையும் சொல்கிறோம். இந்த அடுப்பைச் சொல்வதில்லை.

இத்தாலியின் இஸ்ப்ரா நகரில் இருக்கும் ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2021-ல் ஒரு கணக்கை வெளியிட்டது. 2015-ல் மனிதர்களால் வெளியான பசுமை இல்ல வாயுக்களில் 34 சதவீதம் உணவு சார்ந்தது. அதில் 71 சதவீதம் பயிர், கால்நடை, காடழிப்பு ஆகியவற்றின் பங்கு. மீதியில் போக்குவரத்து, பதப்படுத்தல், பொட்டலம், கடை, சமையலறை, குப்பை எல்லாம் அடங்கும். தொலைவிலிருந்து வரும் உணவுதான் குற்றவாளி என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் போக்குவரத்து மொத்தத்தில் 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அதிலும் பெரும்பங்கு உள்நாட்டு லாரிகளுடையது, கப்பலுடையது மிகச் சிறிது.

இந்த மீதி, நாட்டுக்கு நாடு வேறு வேறு இடத்தில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்காவில் அதைத் தேட சூப்பர் மார்க்கெட்டுக்குள் போக வேண்டும். பாலும் இறைச்சியும் அடுக்கிய குளிர் அலமாரிகளின் பின்னால் நீண்ட செப்புக் குழாய்கள் ஓடுகின்றன. அவற்றுக்குள் சுற்றும் குளிரூட்டி வாயு, உள்ளே ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சி, வெளியே திரவமாகி அதைக் கொட்டுகிறது. இணைப்புகள் நூற்றுக்கணக்கில் இருப்பதால் வாயு எங்காவது கசிந்துகொண்டே இருக்கும். ஒரு சராசரிக் கடை, நிரப்பிய வாயுவில் ஆண்டுக்குக் கால் பங்கை இழக்கிறது என்பது அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. நெடுங்காலம் பரவலாக இருந்த ஆர்-404ஏ வாயு ஒரு கிலோ கசிந்தால், அது கிட்டத்தட்ட 3,900 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். வாசனை இல்லை, புகை இல்லை. கடைக்காரர் கண்ணில் படுவதே இல்லை.

சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் இந்தக் குழாய்கள் குறைவு. அதனால் அங்கே வயலுக்கு அப்பாலான பங்கும் குறைவாகத் தெரிகிறது. இதைச் சிக்கனம் என்று பாராட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குளிர்சாதனம் இல்லாமல் பால் திரிந்து போனால், அந்த மாடு விட்ட, பூமியைச் சூடேற்றும் மீத்தேன் வாயுவும் வீண்தான். ஆனால் கணக்கில் அது பண்ணைப் பக்கத்திலேயே ஏறுகிறது. சமையலுக்கு விறகும் மரக்கரியும் எரிகின்றன. நாடுகள் பின்பற்றும் கணக்கு முறையில் விறகின் கரியமில வாயு எரிசக்திப் பக்கத்தில் சேராது. காட்டுப் பக்கத்தில் போய்விடும். அடுப்படியில் இருமிக்கொண்டே சமைக்கும் பெண்ணின் புகை, சமையலறைக் கணக்கில் முழுதாக வருவதே இல்லை.

சதவீதமும் ஏமாற்றும். பிரேசிலில் வயலுக்கு அப்பாலான பங்கு சிறிதாகத் தெரிவதற்கு, அங்கே காடழிப்பும் மாடுகளும் அவ்வளவு பெரிதாக இருப்பதே காரணம். ஆகவே ஒப்பிடும்போது பங்கை மட்டும் பார்க்காமல் தலைக்கு எத்தனை கிலோ என்றும் பார்க்க வேண்டும்.

கடைசி நிறுத்தம் குப்பைமேடு. காற்றுப் புகாத ஆழத்தில் சோறும் காய்கறித் தோலும் அழுகும்போது நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் அது அதே எடை கரியமில வாயுவைவிட ஏறத்தாழ 27 மடங்கு சூடேற்றும். தென் கொரியா 2005-ல் உணவுக் கழிவை நேரடியாகப் புதைப்பதைத் தடை செய்தது. 2013-ல் எடைக்கு ஏற்பக் கட்டணம் கொண்டுவந்தது. சியோலின் பல அடுக்குமாடிகளில் கழிவுத் தொட்டியே தராசு. அட்டையைக் காட்டினால் மூடி திறக்கும், கொட்டியதும் எடை தெரியும். நீருக்கும் காசு போகும் என்பதால், மக்கள் குழம்பை வடித்துப் பிழிந்துவிட்டுக் கொட்டுகிறார்கள். அங்கே உணவுக் கழிவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இன்று தீவனமாகவோ உரமாகவோ எரிவாயுவாகவோ மாறுகிறது.

இந்தியாவின் நிலை இவற்றுக்கு நடுவில். உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் உள்ள உருளைக்கிழங்குக் குளிர்கிடங்குகளில் நெடுங்காலமாக ஓடுவது அம்மோனியா. அது கசிந்தால் மூச்சு முட்டும், உயிருக்கே ஆபத்து. ஆனால் பூமியைச் சூடேற்றும் திறன் கிட்டத்தட்டப் பூஜ்யம். நகரக் கடைகளில் இப்போது பெருகிவரும் குளிர் அலமாரிகளின் கதை வேறு. பூமியைச் சூடேற்றும் குளிரூட்டி வாயுக்களைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட கிகாலி உடன்பாட்டின்படி, அவற்றில் சுற்றும் வாயுக்களின் பயன்பாடு மேலும் ஏறாமல் இந்தியா 2028-ல் தான் நிறுத்த வேண்டும். குறைக்கத் தொடங்குவது 2032-ல். இன்று பொருத்தப்படும் குழாய்கள் அந்த ஆண்டிலும் ஓடிக்கொண்டிருக்கும்.