ட்ரெண்ட் லைன் எத்தனை டிகிரி? ஸ்க்ரீன்ல அளந்தா கிடைக்காது

ஃப்ரெண்ட் ஒருத்தர் ராத்திரி ஒரு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி, "பாருங்க, கோடு சரியா 60 டிகிரில ஏறுது, இவ்ளோ செங்குத்தா போனா ரொம்ப நாள் நிக்காதுன்னு சொல்றாங்களே, வித்துடவா?"ன்னு கேட்டாரு. அதே ஸ்டாக்க நான் லேப்டாப்ல திறந்து, அவர் தொட்ட அதே ரெண்டு லோ-வையும், அதாவது விலை இறங்கித் திரும்பின அடிப்புள்ளிகளையும், சேத்து ட்ரெண்ட் லைன் போட்டேன். 30 டிகிரி கூட வரல. அவர் போன்ல பாத்தாரு, நான் அகலமான ஸ்க்ரீன்ல பாத்தேன், வித்தியாசம் அவ்ளோதான். ரெண்டு பேரும் ஒழுங்காத்தான் அளந்தோம், ஆனா அளந்தது ஸ்டாக்க இல்ல, ஸ்க்ரீன!

ஸ்கூல்ல படிச்சது ஞாபகம் இருக்கும், ஏறின உயரத்த நகர்ந்த தூரத்தால வகுத்தா சாய்வு, அந்த நம்பருக்கு டான் இன்வர்ஸ் போட்டா கோணம். ஒரு சாய்வுப் பலகைய எடுத்துக்கிட்டா உயரமும் மீட்டர், தூரமும் மீட்டர், வகுத்தா மீட்டர் அடிபட்டுப் போயி வெறும் நம்பர் மிஞ்சும். டான் இன்வர்ஸுக்கு வேண்டியது அந்த வெறும் நம்பர்தான். சார்ட்ல மேல போறது விலை, பக்கவாட்டுல போறது நேரம். ஒரு நாளோ ஒரு மணி நேரமோ, ஒரு நேரத் துண்டோட விலைய காட்டற குச்சிக்கு கேண்டில்னு பேரு. விலைய கேண்டில் எண்ணிக்கையால வகுத்தா "ஒரு கேண்டிலுக்கு இத்தனை ரேட்"னு வருது, அதுல யூனிட் ஒட்டிக்கிட்டே இருக்கு. அதுக்கு கோணம் என்னன்னு கேக்கறது, மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை டிகிரின்னு கேக்கற மாதிரி.

அப்போ ஸ்க்ரீன்ல தெரியற கோணம் எங்கிருந்து வருது? பிக்சல்ல இருந்து. ஒரு ஸ்டாக் 20 கேண்டில்ல 100ல இருந்து 120க்கு போயிருக்குன்னு வைங்க. ஒரு கேண்டிலுக்கு 10 பிக்சல், ஒரு பாயின்ட் விலைக்கு 5 பிக்சல்னு சார்ட் வரைஞ்சா கோடு பக்கவாட்டுல 200 பிக்சல், மேல 100 பிக்சல், கோணம் 26.6 டிகிரி. கொஞ்சம் ஜூம் அவுட் பண்ணி கேண்டில் 5 பிக்சலா சுருங்கினா 100க்கு 100, கோணம் 45. இன்னும் சுருக்கி 2.5 பிக்சல் ஆக்கினா 63.4. விலை ஒரு பைசா நகரல, மார்க்கெட் மூடியே இருக்கலாம், விரல் மட்டும்தான் நகர்ந்துச்சு. இதுல நிறைய ஆப் ஜூம் பண்ணும்போது விலை ஸ்கேலயும் தானா மாத்திடும், ஆட்டோ ஸ்கேல்னு சொல்வாங்க, அதனால நேத்து பாத்த கோணத்த இன்னிக்கு திரும்ப பாக்கறதே கஷ்டம்.

சார்ட்ல 45 டிகிரி கோட்டத் தேடற மோகம் பெரும்பாலும் டபிள்யூ. டி. கேன்கிட்ட இருந்து வந்தது, 1878ல பிறந்து 1955ல இறந்த அமெரிக்க ட்ரேடர். அவரோட ஒன்-பை-ஒன் கோடுன்னா ஒரு யூனிட் நேரத்துக்கு ஒரு யூனிட் விலை. அவர் காலத்துல சார்ட் கையால கட்டம் போட்ட பேப்பர்ல வரையறது, ஒரு கட்டம் விலை ஒரு கட்டம் நேரம்னு ஸ்கேல முதல்லயே கட்டிப்போட்டுடுவாங்க, அதனால 45ங்கறதுக்கு அங்க ஒரு அர்த்தம் இருந்துச்சு. அந்த ஸ்கேல விட்டுட்டு டிகிரிய மட்டும் நாம எடுத்துக்கிட்டதுதான் சிக்கல். இன்னொன்னு, ஒரு நேர யூனிட்டுக்கு ரெண்டு விலை யூனிட் ஏறற கோட்டுக்கு பல இடத்துல 63.75 டிகிரின்னு போட்டிருப்பாங்க, ஆனா 2க்கு டான் இன்வர்ஸ் போட்டுப் பாருங்க, 63.43 தான் வரும்.

சரி, ஸ்க்ரீன தூக்கி ஓரமா வச்சுட்டு நம்பர்ல இருந்தே போட்டா? 100ல இருந்து 120க்கு 20 கேண்டில்ல போனது கேண்டிலுக்கு 1 பாயின்ட், டான் இன்வர்ஸ் 45 டிகிரி. இன்னொரு ஸ்டாக் அதே 20 கேண்டில்ல 2000ல இருந்து 2400, கேண்டிலுக்கு 20 பாயின்ட், கோணம் 87.1 டிகிரி, கிட்டத்தட்ட செவுரு. ரெண்டும் ஏறினது அதே 20 சதவீதம்! விலை பெரிய ஸ்டாக் எல்லாமே ராக்கெட் மாதிரி தெரியும்.

இதுக்கு முதல் மருந்து லாக். விலைக்கு பதிலா விலையோட நேச்சுரல் லாக் எடுத்துட்டா சதவீதம்தான் பேசும், ரெண்டு ஸ்டாக்குக்கும் 1.2ங்கற விகிதத்தோட லாக் 0.1823, 20ஆல வகுத்தா கேண்டிலுக்கு 0.0091, அதாவது ஏறக்குறைய 0.91 சதவீதம். ரெண்டும் இப்போ ஒண்ணாயிடுச்சு. ஆனா அப்படியே கோணமாக்கினா அரை டிகிரிதான் வரும், 100ஆல பெருக்கிட்டு போட்டா 42.3 வரும். எந்த எண்ணால பெருக்கறோம்ங்கறது நம்ம இஷ்டம், ஒண்ண முடிவு பண்ணிட்டா அப்புறம் மாத்தக்கூடாது.

எனக்கு இதவிட பிடிச்சது ஏடிஆர் (ஆவரேஜ் ட்ரூ ரேஞ்ச்) வழி. ஒரு ஸ்டாக் சராசரியா ஒரு கேண்டில்ல எவ்ளோ ஆடும்னு சொல்ற அளவு, வெல்ஸ் வைல்டர் 1978ல கொடுத்தது. சாய்வ ஏடிஆரால வகுத்தா விலை யூனிட் மேலயும் கீழயும் அடிபட்டுப் போயிடும், "தன்னோட வழக்கமான ஆட்டத்துல எத்தனை பங்கு ஒரே திசையில போகுது"ன்னு பதில் கிடைக்கும். 100 விலை ஸ்டாக்குக்கு ஏடிஆர் 2ன்னா 1ஐ 2ஆல வகுத்து 0.5, கோணம் 26.6. 2000 விலை ஸ்டாக்குக்கு ஏடிஆர் 40ன்னா 20ஐ 40ஆல வகுத்து அதே 0.5, அதே கோணம். மூணாவதா ஒண்ணு, அதுவும் 100ல இருந்து 120தான், ஆனா ஏடிஆர் 5, அப்போ 0.2, கோணம் 11.3. ஏறின அளவு ஒண்ணுதான், ஆனா இது ஆடி ஆடி தள்ளாடி ஏறியிருக்கு, ஸ்டாப் லாஸ், அதாவது இந்த விலைக்கு இறங்கினா தானா வித்துடுன்னு போடற ஆர்டர், வச்சிருந்தா நடுவுலயே அடிச்சிருக்கலாம். ஸ்க்ரீன்ல கண்ணால பாத்தா இந்த வித்தியாசம் டிகிரில வரவே வராது.

கோட்ட எந்த ரெண்டு புள்ளில போடறதுங்கறதுலயும் ஆளுக்கு ஆள் மாறும், அதுக்கு எல்லா புள்ளிக்கும் நெருக்கமா போற கோட்ட கணக்குலயே கண்டுபிடிக்கற லீனியர் ரெக்ரஷன் போடலாம், 1805ல லெஜாந்தர் வெளியிட்ட லீஸ்ட் ஸ்கொயர்ஸ் முறை. க்ளோஸ், அதாவது கேண்டில் முடியும்போது இருந்த விலை, 100, 103, 102, 106, 109னு அஞ்சு கேண்டில் இருந்தா முதலையும் கடைசியையும் மட்டும் பாத்தா சாய்வு 2.25, அஞ்சையும் சேத்து ரெக்ரஷன் போட்டா 2.1. எக்செல்ல ஸ்லோப்னு ஃபங்ஷன் இருக்கு, ஒரு காலம்ல (column) 0, 1, 2ன்னு கேண்டில் நம்பர் குடுங்க, தேதிய குடுக்காதீங்க, லீவு நாள் எல்லாம் நடுவுல புகுந்து சாய்வ குறைச்சு காட்டும். அதுலயே டான் இன்வர்ஸுக்கான ஏடான் (ATAN) ஃபங்ஷன் போட்டா வர்ற பதில் டிகிரில இல்லாம ரேடியன்ங்கற வேற கோண அளவுல இருக்கும், டிகிரீஸ் ஃபங்ஷனுக்குள்ள போட்டு மாத்தணும், 0.785ன்னு வந்தத ஒரு டிகிரி கூட இல்லையேன்னு நான் ஒரு நாள் முழுக்க தேடியிருக்கேன், அது 45.

இன்னொரு விஷயம், டிகிரிய நேரடியா கூட்டிக் கழிக்க முடியாது. சாய்வு 1ன்னா 45, ரெட்டிப்பாகி 2 ஆனா 63.4, பத்து மடங்காகி 10 ஆனா 84.3. மேல போகப் போக டான் இன்வர்ஸ் நசுக்கிடும், 80க்கும் 85க்கும் நடுவுல இருக்கற அஞ்சு டிகிரிக்குள்ள சாய்வு ரெண்டு மடங்காகிடுது. அதனால ஒப்பிடறப்போ சாய்வையே ஒப்பிடுங்க, கோணம் பேச்சுக்கு வசதி.

ஃப்ரெண்டோட ஸ்டாக்குக்கும் அப்படித்தான் போட்டேன், 14 கேண்டில் ஏடிஆர் எடுத்து வகுத்தா கேண்டிலுக்கு 0.3 வந்துச்சு, 16.7 டிகிரி. இதே ஸ்டாக் இதுக்கு முந்தின ஏத்தத்துல 0.5ல போயிருக்கு. போன தடவைய விட மெதுவாத்தான் ஏறுது, செங்குத்துங்கற காரணத்துக்காக விக்க வேண்டாம், வேற காரணம் இருந்தா பாருங்கன்னு ரெண்டு நம்பரையும் அனுப்பி வச்சேன்.