பதிவு போட்டவரை ரிமாண்ட் செய்யும் முன்

முகநூலில் எதையோ எழுதியதற்காகப் பிள்ளையை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழைக்கும் பெற்றோர், பதற்றத்தோடு கேட்பது ஒன்றுதான்: "பேச்சுரிமைன்னு ஒண்ணு இல்லையா சார்?" இருக்கிறது, அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவில். ஆனால் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீலாக நான் கண்டவரை, அந்த உரிமை நிலைப்பதும் கைவிட்டுப் போவதும் பெரும்பாலும் கைதான 24 மணி நேரத்துக்குள் முடிவாகிவிடுகிறது. முடிவாகும் இடம், ரிமாண்டுக்காக, அதாவது காவலில் வைக்க உத்தரவு கேட்டு, ஆளைக் கொண்டுபோய் நிறுத்தும் மாஜிஸ்திரேட் கோர்ட். அந்தச் சில நிமிடங்களுக்கு நாம் தயாராக இருப்பதில்லை.

2021-ல் மதுரை மாவட்டம் வாடிப்பட்டியில் பதிவான வழக்கைப் பாருங்கள். இடதுசாரிக் கட்சி நிர்வாகி ஒருவர் குடும்பத்தோடு சிறுமலைக்குப் போய்வந்தார். படங்களை முகநூலில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காகச் சிறுமலைப் பயணம் என்று வேடிக்கையாக ஒரு வரி எழுதினார். இதற்குப் போலீஸ் போட்ட பிரிவுகளில் ஒன்று இந்தியத் தண்டனைச் சட்டம் 122. அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேர்ப்பது! ரிமாண்டுக்குக் கொண்டுபோனபோது மாஜிஸ்திரேட் மறுத்துவிட்டார். அந்த ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் எஃப்.ஐ.ஆரையே ரத்து செய்தார். அந்தத் தீர்ப்பின் நகைச்சுவைப் பகுதியைப் பலரும் பகிர்ந்தார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: ரிமாண்டை மறுத்த மாஜிஸ்திரேட்டை நீதிபதி பாராட்டியதும், மற்ற மாஜிஸ்திரேட்டுகளும் அப்படிச் செயல்பட வேண்டும் என்று எழுதியதும்.

அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 2018 அக்டோபர் 9 அன்று, நக்கீரன் இதழின் ஆசிரியர் கோபால் சென்னை விமான நிலையத்தில் கைதானார். ஆளுநரைப் பற்றி வந்த கட்டுரைகளுக்காக அவர்மேல் போடப்பட்டது பிரிவு 124. ஆளுநரைத் தாக்கியோ தடுத்தோ அவருடைய பணியில் குறுக்கிடுவது பற்றிய பிரிவு அது. ஒரு பத்திரிகைக் கட்டுரை எப்படி அதற்குள் வரும்? எழும்பூர் கோர்ட்டில் வழக்கறிஞர்கள் இதைத்தான் கேட்டார்கள். மூத்த பத்திரிகையாளர் என். ராமும் மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு பேசினார். ரிமாண்ட் மறுக்கப்பட்டு, கோபால் அன்றைக்கே சொந்தப் பிணையில் வெளியே வந்தார்.

இரண்டு வழக்கிலும் அந்த முதல் நாள் வேறு மாதிரி போயிருந்தால்? 15 நாள் ரிமாண்ட், ஜாமீன் மனு, அது தள்ளுபடியானால் செஷன்ஸ், அதற்கு மேல் ஹைகோர்ட். கடைசியில் எஃப்.ஐ.ஆர். ரத்தானாலும் உள்ளே கழிந்த நாட்கள் திரும்பாது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பையன்மேல் ஒரு வழக்கு நிலுவையில் இருந்தாலே சரிபார்ப்பில் சிக்கல்தான். பாஸ்போர்ட்டும் இழுத்தடிக்கும். தீர்ப்பில் ஜெயித்தும் வாழ்க்கையில் தோற்றுப்போனவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

சட்டம் இந்த இடத்தில் நம் பக்கம் பலமாகவே நிற்கிறது. பேச்சு தொடர்பான பிரிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு அதிகபட்சம் மூன்று ஆண்டுதான் தண்டனை. பிரிவினருக்கு இடையே பகை வளர்ப்பது இப்போது, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 196. வதந்தியும் பீதியும் பரப்புவது 353. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் தானாகக் கைது செய்யக் கூடாது, ஏன் கைது அவசியம் என்று போலீஸ் காரணம் எழுத வேண்டும், அதைப் படித்துப் பார்க்காமல் மாஜிஸ்திரேட் காவலுக்கு அனுப்பக் கூடாது என்று 2014-லேயே அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் வர வேண்டியது ஆஜராகச் சொல்லும் நோட்டீஸ், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவின் கீழ். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும்படி தெரிவிப்பதும் கட்டாயம். அது இல்லாவிட்டால் கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் தீர்ப்பு வந்திருக்கிறது.

ஆகவே ரிமாண்டின்போது வக்கீல் பேச வேண்டியது பேச்சுரிமையின் மகத்துவத்தை அல்ல. நோட்டீஸ் கொடுத்தார்களா? காரணம் தெரிவித்தார்களா? பதிவின் எந்த வரி எந்தப் பிரிவுக்குள் வருகிறது? இந்த மூன்றையும் கேட்டு, ஆட்சேபணையை எழுத்தில் மெமோவாகவே கொடுத்துவிட வேண்டும். எழுத்தில் இருந்தால்தான் மேல்முறையீட்டில் அது நிற்கும். வக்கீல் வந்து சேரவில்லை என்றால், கைதானவர் தானே மாஜிஸ்திரேட்டிடம் வாயைத் திறந்து சொல்லலாம்: "ஐயா, எனக்கு நோட்டீஸ் வரல. எதுக்குக் கைதுன்னு சொல்லல." தயங்க வேண்டியதில்லை, அதற்காகத்தான் அவர் முன்னால் நிறுத்துகிறார்கள்.

எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கியதும் முதலில் பிரிவுகளைப் பாருங்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் அடியோடு ரத்து செய்தது. அதன்பிறகும் நாட்டின் பல ஸ்டேஷன்களில் அந்தப் பிரிவில் வழக்குகள் பதிவாகிக்கொண்டே இருந்தன. இனி யார்மேலும் அப்படி வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது. அதே மாதிரி அவதூறு. "அவதூறு கேஸ்ல உள்ளே தள்ளிடுவேன்" என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். அது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர். போடக்கூடிய குற்றமே இல்லை. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுத்துத்தான் நடத்த வேண்டும், ஜாமீனும் உரிமையாகவே கிடைக்கும்.

வழக்குப் போடுவதற்கு முன்பே கேட்கக்கூடிய பாதுகாப்பும் ஒன்று வந்திருக்கிறது. நாடாளுமன்ற உறுப்பினர் இம்ரான் பிரதாப்கடி ஒரு கவிதை பின்னணியில் ஒலிக்கும் காணொளியைப் பகிர்ந்ததற்காகக் குஜராத்தின் ஜாம்நகரில் வழக்குப் பதிந்தார்கள். 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சுக் குற்றப் புகார்களில், எடுத்த எடுப்பில் எஃப்.ஐ.ஆர். போடாமல், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்துவதே முறை என்றது. சொன்ன வார்த்தையின் விளைவை மனவுறுதியும் துணிவும் உள்ள ஒருவரின் கண்ணால்தான் அளக்க வேண்டும், எதற்கெடுத்தாலும் அஞ்சும் மனிதரின் கண்ணால் அளக்கக் கூடாது என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் ஊர் ஸ்டேஷனில் புகார் விசாரணை நிலையில் இருக்கும்போதே இந்தத் தீர்ப்பைச் சுட்டிக்காட்டி ஒரு மனு கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

ஸ்டேஷனில் இன்னொன்றும் நடக்கும். "ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துட்டுப் போ தம்பி, விட்டுடறோம்." பெரும்பாலானோர் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள், நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கடிதம் உங்களைச் சாகும்வரை கட்டிப்போடும் என்று நினைக்காதீர்கள். மாதொருபாகன் நாவலுக்காக 2015 ஜனவரியில் நாமக்கல்லில் மாவட்ட நிர்வாகம் நடத்திய சமாதானக் கூட்டத்தில் பெருமாள்முருகன் நிபந்தனையற்ற மன்னிப்பில் கையெழுத்திட நேர்ந்தது. அந்த ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. கையெழுத்துப் போட்டிருந்தால், அன்றைக்கோ மறுநாளோ என்ன சூழலில் போட்டீர்கள் என்று எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் அனுப்பிவையுங்கள்.

பதிவை அவசரமாக அழிப்பதும் நல்லதல்ல. ஒரு வரியை மட்டும் வெட்டியெடுத்த ஸ்கிரீன்ஷாட் புகார்தாரரிடம் இருக்கும்; முன்னும் பின்னும் எழுதியது உங்களிடம் மட்டும்தான் இருக்கும். முழுப் பதிவையும் கீழே வந்த கருத்துகளையும் தேதியும் இணைப்பும் தெரியும்படி சேமித்து, வீட்டில் இன்னொருவரிடமும் கொடுத்துவையுங்கள். போனைக் கைப்பற்றினால் மகஜர், அதாவது கைப்பற்றியதைப் பதிவுசெய்யும் ஆவணம், அதன் நகல் கேளுங்கள்.

நான் ரிமாண்டைப் பற்றி இவ்வளவு வற்புறுத்த இன்னொரு காரணம் குண்டர் சட்டம், அதாவது தமிழ்நாட்டின் 1982-ம் ஆண்டு 14-வது சட்டம். ஆள் சிறையில் இருக்கும்போதே தடுப்புக் காவல் உத்தரவு வந்து சேருவது நம் மாநிலத்தில் வழக்கமாகவே ஆகிவிட்டது. விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை வைத்திருக்கலாம். 2017-ல் நெடுவாசல், கதிராமங்கலம் போராட்டங்களுக்கு ஆதரவாகத் துண்டறிக்கை கொடுத்த சேலத்து மாணவிமேல் இதே சட்டம் பாய்ந்தது. ஜூலையில் உள்ளே போனவருக்குச் செப்டம்பரில்தான் ஹைகோர்ட் தீர்ப்பால் விடிவு வந்தது. இதில் ஜாமீன் கிடையாது. ஆட்கொணர்வு மனுதான் வழி. உத்தரவு கையில் கிடைத்த அன்றே அரசுக்கு ஆட்சேப மனு அனுப்பிவிடுங்கள். அதைப் பரிசீலிப்பதில் விளக்கமில்லாத தாமதம், புரிந்த மொழியில் ஆவணம் தராதது, இவற்றால் ரத்தான உத்தரவுகள் ஏராளம்.

எதை எழுதினாலும் காப்பாற்றலாம் என்று நான் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 19(2) எட்டுக் காரணங்களைச் சொல்கிறது. குற்றம் செய்யத் தூண்டுவதும் அவதூறும் ஒழுக்கக் கேடும் அவற்றில் அடங்கும். ஒரு பெண்ணின் படத்தை மார்பிங் செய்து போட்டுவிட்டு, ஒரு சாதியைக் கொளுத்தச் சொல்லிவிட்டு, பேச்சுரிமை என்று வருபவருக்கு நான் வக்காலத்து போடுவதில்லை. அரசை, ஆளுநரை, அமைச்சரை, கலெக்டரைக் கடுமையாக விமர்சித்தவர் வேறு. அவருக்காகத்தான் 19(1)(அ) பிரிவே எழுதப்பட்டது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவர் எவ்வளவு சம்பாதித்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம், வருமான வரம்பு அவருக்குக் கிடையாது. ரிமாண்டுக்கு முன்பே கேளுங்கள். தொலைபேசி எண் 15100.