மாட்டு வண்டியில் வந்த ஆண்டெனா

1985-இல் அமெரிக்கச் சில்லு நிறுவனமான டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் சொந்த மென்பொருள் மையத்தைத் தொடங்கியபோது, இங்கே எழுதிய மென்பொருளை அமெரிக்காவுக்கு அனுப்ப ஒழுங்கான டேட்டா இணைப்பே இங்கு கிடையாது. கம்பெனி தனக்கென்று ஒரு செயற்கைக்கோள் இணைப்பை வாங்கிக்கொண்டது. அதற்கான ஆண்டெனா மாட்டு வண்டியில் வந்து இறங்கிய கதையை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள். ஃபோன் லைன் கிடைப்பதே பெரும்பாடாக இருந்த ஊருக்கு இத்தனை சிரமப்பட்டு ஏன் வரவேண்டும்?

"சம்பளம் கம்மி, அவ்வளவுதான்" என்பதுதான் வழக்கமான பதில். அது பொய் இல்லை, ஆனால் பாதி பதில்தான். செலவைக் குறைப்பது மட்டுமே நோக்கம் என்றால் வேலையை ஒரு சர்வீஸ் கம்பெனியிடம் ஒப்பந்தத்துக்கு விட்டுவிடலாம்; கட்டடம், கேன்டீன், எச்.ஆர். என்று எதுவும் தேவையில்லை. அப்படி விட்டால் என்ன ஆகும் என்றால், இரண்டு வருடம் உங்கள் புரோகிராமைப் படித்துப் படித்து அதன் சந்துபொந்தெல்லாம் தெரிந்துகொண்டவர் திடீரென்று வேறு வாடிக்கையாளரின் வேலைக்குப் போய்விடுவார், அவர் தலைக்குள் இருந்ததும் அவரோடு போய்விடும். அந்த அறிவைக் கம்பெனிக்குள்ளேயே வைத்துக்கொள்ளத்தான் சொந்த மையம். 2024 கணக்குப்படி இந்தியாவில் மட்டும் இப்படி 1,700-க்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன.

அடுத்தது, வேண்டிய ஆளை அமெரிக்காவுக்கு வரவழைக்க முடியாமல் போவது. வெளிநாட்டு எஞ்சினியர்கள் அங்கே வேலை செய்ய வாங்கும் எச்-1பி விசாவுக்கு வருடாந்தர உச்சவரம்பு 65,000, அங்கேயே மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கூடுதலாக 20,000. விண்ணப்பங்கள் அதைத் தாண்டினால் குலுக்கல்தான். நல்ல எஞ்சினியரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குலுக்கலில் அவர் பெயர் வருமா என்று காத்திருக்க வேண்டும். 2007-இல் மைக்ரோசாஃப்ட் கனடாவின் வான்கூவரில் மையம் தொடங்குவதாக அறிவித்தபோது விசாச் சிக்கலை வெளிப்படையாகவே காரணமாகச் சொன்னது. தலைமையகத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம், அதே கடிகார நேரம், நடுவில் ஓர் எல்லைக்கோடு. சம்பளத்தை மட்டும் பார்த்திருந்தால் வான்கூவரைத் தேடிப் போயிருக்க மாட்டார்கள்.

சில சமயம் ஒரே ஒருவருக்காகவும் மையம் பிறக்கும். அழித்து எழுதக்கூடிய இபிராம் என்ற நினைவகச் சில்லை இன்டெல் நிறுவனத்தில் உருவாக்கிய டோவ் ஃப்ரோமன் இஸ்ரேலுக்கே திரும்பிவிட விரும்பினார். 1974-இல் இன்டெல் அந்நாட்டு ஹைஃபா நகரில் ஒரு சின்ன வடிவமைப்பு மையத்தைத் தொடங்கியது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசிக்குள் இருந்த 8088 சில்லு அங்கே வடிவமைக்கப்பட்டதுதான்.

சரி, மையம் வந்துவிட்டது. அப்புறம்தான் பெரிய சிக்கலே, அதுதான் நேரம். கோடைக்காலத்தில் சென்னைக்கும் கலிஃபோர்னியாவுக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நான் காலை 10 மணிக்கு ஒரு சந்தேகம் கேட்டால் அங்கே முந்தின நாள் இரவு 9.30. அவர் மறுநாள் காலை 9 மணிக்கு அதைப் பார்க்கும்போது எனக்கு இரவு 9.30. பதில் வருகிறது, அதை நான் அடுத்த நாள் காலையில்தான் படிக்கிறேன். அந்தப் பதிலே "எந்த வெர்ஷனில் பார்த்தீர்கள்?" என்ற எதிர்க்கேள்வியாக இருந்தால் இன்னொரு நாள் போச்சு. பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தீரும் விஷயம் இது.

என் முதல் வேலையில் முழுக்க இதுதான். எங்களுக்கு வருவதெல்லாம் பக் லிஸ்ட், அதாவது திருத்தவேண்டிய பிழைகளின் பட்டியல், மட்டுமே, முடிவெல்லாம் அங்கே. தினமும் ராத்திரி கால், மடியில் லேப்டாப், பக்கத்தில் ஆறிப்போன தோசை. டீமில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பியபோது யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசிக்கொள்கிறார்களோ, அந்த வடிவத்திலேயே அது கட்டும் மென்பொருளும் அமையும் என்று மெல்வின் கான்வே என்ற கணினி வல்லுநர் 1968-லேயே எழுதினார். கடல் தாண்டிய மையத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதி கிடையாது. ஒரே மாட்யூலை, அதாவது மென்பொருளின் ஒரு தனிப் பகுதியை, இரண்டு கண்டங்களுக்குப் பங்குபோட்டால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்தப் பன்னிரண்டரை மணி நேரத்தைக் கட்டணமாகக் கட்டவேண்டும். மாட்யூலை முழுசாக ஒரு மையத்திடம் கொடுத்து, என்ன கட்டுவது என்று தீர்மானிப்பவரையும் அங்கேயே உட்காரவைத்தால் பேச்சு பெரும்பாலும் ஒரே கூரைக்குள் முடிந்துவிடும். கடல் தாண்டிப் போவது இரண்டு மாட்யூல்களும் ஒன்றோடொன்று எப்படி இணைய வேண்டும் என்ற உடன்பாடு மட்டும்தான்.

அதனால், இப்படி ஒரு மையத்தில் வேலைக்குப் பேசிக்கொண்டிருப்பவர்கள் சம்பளம் பேசி முடித்ததும் இன்னொன்றையும் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்கு சர்வர் விழுந்தால் புரோகிராமை மாற்ற இங்கேயே ஒருவர் முடிவெடுக்கலாமா, இல்லை யாரையாவது எழுப்பிக் கேட்கவேண்டுமா? நான் இப்போது இருக்கும் இடத்தில் இங்கேயே முடிவெடுக்கிறோம். போன வாரம் கலிஃபோர்னியாவிலிருந்து ஒருவர் எங்கள் மாட்யூலைப் பற்றிச் சந்தேகம் கேட்டு அனுப்பிவிட்டு, எங்களுக்கு விடியும்வரை காத்திருந்தார்.