பத்தில் ஒரு பங்கு செயலி

"எங்கள் பிரிவுக்கு 0.1 செயலி ஒதுக்கியிருப்பதாகச் சொல்கிறார்கள். சிப்பைப் பத்தாக அறுத்தா கொடுப்பார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேலியாகவே கேட்டிருந்தாலும் நல்ல கேள்வி.

ஒரே பெரிய கணினிக்குள் பல கணினிகளைக் குடிவைக்கும் வித்தையை ஐபிஎம் 1960-களிலேயே தொடங்கிவிட்டது. உள்ளே குடியிருக்கும் கணினிக்குப் பார்ட்டிஷன் என்று பெயர். ஒவ்வொரு பார்ட்டிஷனும் இயந்திரம் முழுவதும் தனக்கே சொந்தம் என்ற நினைப்பில் ஓடும். பங்கு பிரித்துக் கொடுப்பது ஹைப்பர்வைசர் என்ற அடிநிலை மென்பொருள். ஐபிஎம்மின் பவர் வகைச் சர்வர்களில் பத்தில் ஒன்று என்ற சிறு பங்கு 2004-இல் பவர்5 செயலியுடன் வந்தது. பிறகு இருபதில் ஒன்று வரை இறங்கியது.

பாகப்பிரிவினை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். நினைவகம் நிலம், அளந்து கல் நட்டுவிடலாம். நெட்வொர்க் அட்டை மாடு. ஒரு கொட்டிலில்தான் நிற்கும். ஆகவே சாதனங்களை ஒரு பார்ட்டிஷனிடம் ஒப்படைத்து, மற்றவை அதன் வழியாக வேலை வாங்கிக்கொள்வது வழக்கம். செயலியோ பங்குக் கிணறு. கிணற்றை யாரும் வெட்டிப் பிரிப்பதில்லை, முறை வைத்து இறைக்கிறார்கள்.

ஒரு சுற்று 10 மில்லி விநாடி. 0.1 பங்குக்காரருக்கு அதில் 1 மில்லி விநாடி, முழுச் செயலியும் அவருடையது. அற்பம் என்று நினைக்க வேண்டாம். 4 கிகாஹெர்ட்ஸ் செயலி அதற்குள் 40 லட்சம் முறை துடித்துவிடும். முறை முடிந்ததும் ஹைப்பர்வைசர் அவர் கணக்கை விட்ட இடத்தில் குறித்துவைத்து அடுத்தவரை ஏற்றும்.

சுற்றுக்குள் முறை எப்போது வரும் என்பதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. முதல் சுற்றின் தொடக்கத்திலும் அடுத்ததன் கடைசியிலும் வந்தால் நடுவே 18 மில்லி விநாடி சும்மா நிற்க வேண்டும். ஒரு தடவை என்றால் யாருக்கும் தெரியாது. நூறு சின்னக் கேள்வி பதில்களால் ஆன வேலையில் அந்தக் காத்திருப்பு சேர்ந்துகொண்டே போகும்.

எனக்கு மிகவும் பிடித்தது விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு. வேலையில்லாத பார்ட்டிஷன் தானே ஹைப்பர்வைசரை அழைத்து, மிச்ச நேரத்தை ஒப்படைத்துவிடும். அது உச்சவரம்பு இல்லாத, அதாவது தன் பங்குக்கு மேலும் எடுத்துக்கொள்ள அனுமதி உள்ள பார்ட்டிஷன்களுக்குப் போகும். போட்டி வந்தால் 0 முதல் 255 வரையிலான எடை எண் தீர்க்கும். எடை 128 உள்ளவருக்கு 64 உள்ளவரைப் போல இரு மடங்கு. விட்டுக்கொடுத்தவரின் அடுத்த சுற்றுப் பங்கில் ஒரு துளியும் குறையாது. உடன்பிறந்தவர்களிடம் இந்த நேர்மையைப் பார்ப்பது அரிது! ஆனால் பார்ட்டிஷனின் கண்ணுக்குத் தெரியும் செயலி, அதாவது மெய்நிகர் செயலி, ஒன்றுதான் என்றால், எவ்வளவு உபரி இருந்தாலும் ஒரு செயலிக்கு மேல் இழுக்க முடியாது. கமலை ஒன்று, இறைப்பும் ஒன்று.

நினைவகத்துக்குக் குறைந்தபட்சம், தேவை, உச்சவரம்பு என மூன்று எண்கள் எழுத வேண்டும். மூன்றாவதைச் சும்மா பெரிதாக எழுதிவைப்பது இத்துறையின் மூடநம்பிக்கை. சர்வர் அறைக் கதவில் எலுமிச்சை கட்டுவதையாவது மன்னிக்கலாம், அது நினைவகத்தைத் தின்பதில்லை. உச்சவரம்பில் 64-இல் ஒரு பங்கை, எது நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் முகவரிப் பட்டியலுக்காக ஹைப்பர்வைசர் முன்கூட்டியே எடுத்துக்கொள்வது பவர் சர்வர்களில் பல காலம் இருந்த கணக்கு. 16 ஜிபி போதுமான ஒரு பார்ட்டிஷனுக்கு நானே உச்சவரம்பு 256 என்று எழுதிவிட்டு, காணாமற்போன 4 ஜிபியை இரண்டு நாள் தேடியிருக்கிறேன். உச்சவரம்பை 32 ஆக்கி, அணைத்து மறுபடி இயக்கியதும் மூன்றரை ஜிபி திரும்பி வந்தது.