பிசியோதெரபிக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு சாயங்காலம் வந்து உட்காருங்கள்

ஜூன் மாதம் பிறந்தால் என் கிளினிக்குக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். ஒரு வகை எப்போதும் வருகிறவர்கள்: முதுகுவலி, தோள் இறுக்கம், முட்டி. இன்னொரு வகைக்கு வலி எதுவும் இருக்காது. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருக்கும், அதற்குள் ப்ளஸ் டூ மார்க் ஷீட். அப்படி ஒரு சாயங்காலம் வந்தார்கள் ஒரு அப்பாவும் மகளும்.

"மேடம், பாப்பாவுக்கு நீட்ல வரல. சரி, பிசியோ போட்டு விட்ருவோம்னு இருக்கோம். நாலு வருஷத்துல பேருக்கு முன்னாடி டாக்டர்னு போட்டுக்கலாமாமே?"

மதுரையில் பதினைந்து வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இதே பேச்சைப் பல குரல்களில் கேட்டாகிவிட்டது. அந்த அப்பா சொன்னதில் மூன்று தப்பு இருக்கிறது. சின்னதிலிருந்து தொடங்குகிறேன்.

படிப்பு நாலு வருஷத்தோடு முடிகிறதில்லை. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நாங்கள் படித்த பி.பி.டி. என்கிற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் நாலு வருஷ வகுப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்தது. துணை மருத்துவ, சுகாதாரத் தொழில்களுக்காக 2021-இல் வந்த சட்டப்படி அமைந்த தேசிய ஆணையம், பிசியோதெரபிக்கென்று 2025-இல் ஒரு புதிய பாடத்திட்டம் வெளியிட்டது. அதில் இன்டர்ன்ஷிப்பே ஒரு வருஷம், மொத்தம் 5 வருஷம். சேர்வதற்கு நீட் எழுதியிருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2025 சேர்க்கை வரை ப்ளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் தரவரிசை போட்டார்கள். அதனால் பக்கத்து வீட்டு அக்கா சேர்ந்த வருஷத்துக் கதையைக் கேட்டு முடிவெடுக்காதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் வருஷத்துத் தகவல் தொகுப்பேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படியுங்கள். யாரும் படிப்பதில்லை, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்தது 'டாக்டர்'. 2025 செப்டம்பர் 9-ஆம் தேதி, பிசியோதெரபிஸ்டுகள் அந்த முன்னொட்டைப் போடக்கூடாது என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்ககத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாளே அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த ஒரு நாளில் எங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் பட்ட பாடு இருக்கிறதே! இப்படி ஒரு கடிதத்தில் போய், இன்னொரு கடிதத்தில் திரும்பி வருகிற இரண்டெழுத்துச் சுருக்கத்துக்காக ஒரு பிள்ளையின் ஐந்து வருஷத்தை வைக்க வேண்டுமா? என் நோயாளிகள் என்னை டாக்டரம்மா என்றும் கூப்பிடுகிறார்கள், கரண்ட் வைக்கிற பொண்ணு என்றும் கூப்பிடுகிறார்கள். இரண்டுக்கும் ஒரே ஃபீஸ்தான்.

மூன்றாவது தப்பு, அந்த 'சரி'. "சரி, பிசியோ." கேட்டது கிடைக்காதபோது வருகிற சரி. இதற்கு வாயால் பதில் சொன்னால் எடுபடாது என்று எனக்கு அனுபவம். அதனால் அந்தப் பெண்ணை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். கூட ஒரு ஆள் பார்த்துக்கொண்டிருக்கலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான்.

அந்த அம்மா முப்பது வருஷமாகப் பூ கட்டி விற்றவர். மூன்று மாதத்துக்கு முன் பக்கவாதம், வலது பக்கம். நடக்க ஆரம்பித்துவிட்டார், ஆனால் கை வரவில்லை. விரல்கள் உள்ளே மடங்கி இறுகிக்கொள்கின்றன. இதற்கிடையில் வீட்டில் ஆள் வைத்து எண்ணெய் போட்டுக் கையை இழுத்து இழுத்து உருவியிருக்கிறார்கள். வாதம் வந்த புதிதில் தோளைப் பிடித்து நிறுத்துகிற தசைகள் தளர்ந்து கிடக்கும். கையின் கனத்துக்கே தோள் மூட்டின் பந்து, அது உட்காரும் கிண்ணத்தை விட்டுக் கொஞ்சம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் இழுத்தால் வலி ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கையைத் தொடவே விடமாட்டார்கள். அந்த அம்மாவின் தோள்வலியைச் சமாதானப்படுத்தவே எனக்கு மூன்று வாரம் போனது.

மேஜையில் ஒரு முழம் வாழைநாரும் ஒரு கைப்பிடி மல்லி மொட்டும் வைத்தேன். மணிக்கட்டுக்கு அடியில் என் கையைக் கொடுத்தேன். இடது கையால் இரண்டு மொட்டை எதிரும் புதிருமாக வைத்தார். வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நாரைப் பிடித்துச் சுற்றி இழுக்க வேண்டும். முப்பது வருஷமாகக் கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை. விரல் திறக்கிறது, நாரைத் தொடுகிறது, பிடிக்கும் முன் மூடிக்கொள்கிறது. மறுபடியும். மறுபடியும். முதல் முடிச்சு விழப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அரை மணி நேரத்தில் மூன்று முடிச்சு, ஆறு பூ, எல்லாம் கோணல்.

"இதை யாரு தாயி வாங்குவா?" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாவது நிமிஷத்திலேயே அந்தப் பெண் போனை எடுத்துவிடுவாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அந்த அம்மா போனதும் ஒரு கேள்வி கேட்டாள். "நீங்க விரலைப் புடிச்சு நாரைச் சுத்திவிட்டிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்கும்ல மேடம்? ஏன் பண்ணல?"

நல்ல கேள்வி. நான் சுற்றிவிட்டால் வேலை செய்வது என் மூளை. வாதத்தில் அடிபட்ட மூளை, தானே முயன்று, தானே தவறி, திரும்பத் திரும்பச் செய்வதில்தான் புது வழி பிடிக்கிறது. அந்த முயற்சிக்கு எவ்வளவு உதவலாம், எப்போது கையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் எங்கள் படிப்பின் பெரும்பகுதி. அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தைப் பார்த்து எரிச்சல் வருகிற பிள்ளை இந்தப் படிப்புக்கு வர வேண்டாம். அது குறை இல்லை, குணம் வேறு, அவ்வளவுதான். ஆனால் அது தெரிய வேண்டியது விண்ணப்பம் போடும் முன். மூன்றாம் வருஷம் வார்டில் நிற்கும்போது தெரிந்து என்ன பிரயோசனம்?

அப்பா விடவில்லை. "இருந்தாலும் மேடம், மெஷின்ல கரண்ட் வைக்கிறதுதானே மெயினு?"

அந்த மெஷினைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூலையில் நிற்கிற ஷார்ட்வேவ் டயாதெர்மி 27.12 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, ஆழத்தில் இருக்கிற திசுவைச் சூடாக்கும். உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்த காலுக்கு அதை வைத்தால் உலோகத்தைச் சுற்றிச் சூடு குவிந்து உள்ளுக்குள் வெந்துபோகும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவரை அதன் பக்கத்திலேயே விடக்கூடாது. தோலில் உணர்ச்சி செத்துப்போன சர்க்கரை நோயாளிக்குச் சுடுவதே தெரியாது, அதனால் வைப்பதற்கு முன் சூடு, குளிர் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும். ஸ்விட்சைப் போட ஐந்து நிமிஷத்தில் கற்றுக்கொள்ளலாம். யாருக்குப் போடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் உடற்கூறியலும் உடலியங்கியலும் நோயியலும். ஆறு மாதத்தில் பிசியோதெரபி சர்டிபிகேட் தருகிறோம் என்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிறார்களே, அவர்கள் கற்றுத்தருவது ஸ்விட்சை மட்டும்.

பிசிக்ஸ் பிடிக்காது, அதனால்தான் பிசியோ என்று சொல்கிற பிள்ளைகளும் உண்டு. பாவம். நெம்புகோல், விசை, திருப்புவிசை, மின்னோட்டம், அலை எல்லாம் இங்கே வந்து காத்திருக்கும். கணக்கு வகுப்பில் பார்த்த கோணமானிக்கு இரண்டு நீளக் கை முளைத்தால் அதுதான் எங்கள் கோனியோமீட்டர். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அதை வைத்துத்தான் தினமும் எழுதுகிறோம்.

இனி விண்ணப்பம். ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதில் தாவரவியலும் விலங்கியலும் இருந்தாலும் சரி. சேரும் வருஷம் டிசம்பர் 31-க்குள் 17 வயது நிரம்ப வேண்டும். அரசு இடங்களுக்குக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கிற மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்து ஆன்லைனில் விண்ணப்பம் வாங்கும். 2025 சேர்க்கை வரை உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட்-ஆஃப் போட்டார்கள். 69 சதவீத இடஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடக்கும். திருச்சியில் அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி, அதாவது பிசியோதெரபிக் கல்லூரி, இருக்கிறது. சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. அரசு இடங்கள் சொற்பம், ஃபீஸும் சொற்பம். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இதே கலந்தாய்வில் வரும். கல்லூரியில் நேரே பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பிறகு இதைத் தெரிந்துகொண்டு தலையில் கை வைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தனி வழி, அவர்களுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

சான்றிதழ்களை ரிசல்ட் வரும் முன்பே எடுத்து வையுங்கள். சாதிச் சான்று, பிறப்பிடச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்று, எல்லாவற்றுக்கும் இ-சேவை மையம் போக வேண்டும். எல்லாவற்றிலும் பெயரும் இனிஷியலும் ஓர் எழுத்து மாறாமல் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள். உட்காரவைத்துச் சரிபார்த்தால் அரை மணி நேர வேலை.

கல்லூரியைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டடத்தையும் பஸ்ஸையும் ஹாஸ்டல் சாப்பாட்டையும் பார்த்துவிட்டு வருகிறார்கள். நான் ஒன்றுதான் கேட்பேன்: பிள்ளைகள் எந்த ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடுவார்கள்? இந்தப் படிப்பு நம் நாட்டில் வார்டுகளில் பிறந்தது. போலியோ தாக்கிய காலத்தில், 1953-இல், மும்பை கே.இ.எம். மருத்துவமனையில்தான் முதல் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அங்கே 1966-இல் திறந்த புனர்வாழ்வு நிலையம் அவர் தலைமையில்தான் வளர்ந்தது. வார்டு இல்லாத பிசியோதெரபிக் கல்லூரி, குளம் இல்லாமல் நீச்சல் கற்றுத்தருகிற மாதிரி.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு தனியார் கல்லூரியில் இறுதியாண்டு முடித்த ஒரு பையன் என்னிடம் பயிற்சிக்கு வந்தான். தியரியில் கெட்டிக்காரன், கேட்டதெல்லாம் ஒப்பித்தான். படுத்திருக்கும் வாதநோயாளியைத் திருப்பி உட்காரவை என்றேன். கை நடுங்கியது. நாலு வருஷத்தில் ஒரு வாதநோயாளியை அவன் தொட்டதே இல்லையாம், ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்துப் பழகியிருக்கிறார்கள். ஆகவே கல்லூரிக்குப் போனால் முதல்வர் அறைக்கு முன் புறநோயாளிப் பிரிவுக்குப் போங்கள். காலை பத்து மணிக்குப் போய் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். மூன்றாம் வருஷ மாணவர் யாரையாவது பிடித்து, இந்த வாரம் எத்தனை நாள் ஆஸ்பத்திரி என்று கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழக இணைப்பு என்பதைக் கல்லூரி நோட்டீஸில் பார்க்காமல் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் பாருங்கள். சீட் வாங்கித் தருகிறோம் என்கிற கன்சல்டன்சிக்காரரிடம் மூலச் சான்றிதழைக் கொடுக்காதீர்கள்.

சம்பளத்தை மறைத்துப் பேச எனக்கு வராது. புதிதாக முடித்தவருக்குத் தனியார் கிளினிக்கில் கிடைப்பது, வாங்கிய கல்விக் கடனின் தவணைக்கே திணறும். அரசு வேலை குறைவு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோக்கள் வீடு வீடாகப் போகிறார்கள், அது ஒரு கதவு. வெளிநாட்டுக் கனவு இருந்தால் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்: பிரிட்டனில் ஒழுங்குமுறைக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் பிசியோதெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். அமெரிக்காவில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே முனைவர் நிலைப் படிப்பு, நம் பட்டத்தை மதிப்பிட்ட பிறகுதான் உரிமத் தேர்வு. வளைகுடாவுக்கும் உரிமத் தேர்வு உண்டு. டிகிரி முடித்ததும் ஃபிளைட் என்று யாராவது சொன்னால் அவர் டிக்கெட் விற்கிறவர்.

இத்தனையும் கேட்டுவிட்டு அந்த அப்பா ஃபைலைத் திறந்து சரிபார்க்கச் சொன்னார். மார்க் ஷீட்டில் ஓர் இனிஷியல், சாதிச் சான்றில் இரண்டு இனிஷியல். இப்போது அவர் தாலுகா ஆபீஸுக்கு நடந்துகொண்டிருக்கிறார். அவர் வரும்வரை அவள் என் கிளினிக் ஸ்டூலில் உட்கார்ந்து, நார் கிழித்துக் கொடுக்கிறாள். நேற்றைய கணக்கு எட்டு முடிச்சு.