"அப்பா போனதிலிருந்து சாப்பிடறதில்லைங்க டாக்டர்"

இந்த வார்த்தையோடு மேசைமேல் ஏற்றப்படும் நாய்கள் எல்லாமே தாமதமாகத்தான் வருகின்றன. இனியும் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

சென்ற வாரம் வந்தது ஏழு வயது லாப்ரடார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு மகன் தூக்கிக்கொண்டு வந்தார். "பத்து நாளா சரியா சாப்பிடலைங்க. அப்பா சேர்கிட்டயே படுத்துக் கிடக்குது. ஏக்கந்தானே, தானா சரியாயிடும்னு எல்லாரும் சொன்னாங்க." உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்திருந்தது. வயிற்றுத் தோலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள். காது மடலுக்குள்ளும் விரல் இடுக்குகளிலும் உண்ணி. உண்ணிக் காய்ச்சல் முற்றிப்போயிருந்தது. ரத்தம் ஏற்றினோம். மூன்றாம் நாள் போய்விட்டது. ஒரே மாதத்தில் அந்த வீட்டில் இரண்டாவது சாவு.

நாய்க்குத் துக்கம் உண்டா என்று கேட்டால், உண்டு. வளர்த்தவர் போனபின் வாசலையே பார்த்துக் கிடக்கும், அவர் போட்ட துணியை மோந்து பார்க்கும், சில நாள் அரைத் தட்டோடு எழுந்துவிடும். இருபது வருஷமாகப் பார்க்கிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் துக்கம் ஈறை வெளுக்க வைக்காது. துக்கத்தால் மூக்கில் ரத்தம் வராது. துக்கம் 104 டிகிரி காய்ச்சலைக் கொண்டுவராது. கருத்தடை செய்யாத வயதான பெட்டை நாய் குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சோற்றைத் தொடாமல் கிடந்தால், கர்ப்பப்பையில் சீழ் இருக்கிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். "அம்மா நெனப்பு" என்று சொல்லி அதை வீட்டில் வைத்திருந்தால் ஓரிரு நாளில் கை மீறிவிடும்.

உடனே ஹச்சிகோ கதையைச் சொல்வார்கள். 1925இல் தன்னை வளர்த்த பேராசிரியர் உயெனோ இறந்தபின் ஜப்பானில் ஷிபுயா ரயில் நிலையத்தில் கிட்டத்தட்ட பத்து வருஷம் காத்திருந்த நாய். உண்மைதான், எனக்கும் பிடித்த நாய்தான். ஆனால் 1935இல் அது செத்தது ஏக்கத்தால் என்று முடிவு கட்டாதீர்கள். பாதுகாத்து வைத்திருந்த அதன் உறுப்புகளை 2011இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பரிசோதித்தபோது நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய் இருந்தது தெரியவந்தது. இதயப் புழுவும் இருந்தது. உலகமே துக்கத்துக்கு உதாரணம் காட்டும் நாய்க்கே உடம்பில் நோய் இருந்திருக்கிறது.

இன்னொன்றை யாரும் யோசிப்பதில்லை. சாவு வீட்டு நாய் ஏன் சரியாக அந்த நாட்களில் நோயில் விழுகிறது? அதைக் கவனித்த ஆள்தான் போய்விட்டாரே. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து உண்ணி எடுத்தது அப்பா. மாசம் பிறந்தால் உண்ணி மருந்து போட்டது அப்பா. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் இருந்தே அதெல்லாம் நின்றுபோயிருக்கும். உண்ணி கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் காய்ச்சல் காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள், காரியத்துக்குப் பந்தல் போடும் நேரத்தில் நாய் படுத்துவிடுகிறது. பந்தலுக்கு வந்த சொந்தக்காரர்கள் பாவப்பட்டு வடையும் பாயசமும் வேறு போடுகிறார்கள். பாயசத்தில் கிடக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் ஆகாது. காய்ச்சலாக இருக்குமோ என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

வளர்ந்த நாய் ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டால் கூட்டிக்கொண்டு வாருங்கள். குட்டி என்றால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள். ஈறு வெளுப்பாகவோ மஞ்சளாகவோ இருந்தால் அந்த நிமிஷமே கிளம்புங்கள். உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் 28 நாள் எழுதித் தந்தால் 28 நாளும் கொடுங்கள். நாலாம் நாள் வாலாட்டியது என்று நிறுத்திவிட்டு அடுத்த மாதம் வந்து நிற்காதீர்கள்.

அப்பா போனபின் நாயைப் பார்த்துக்க ஆளில்லை, "தோட்டத்துல விட்டுட்டோம்" என்பதைக் கேட்டால் எனக்கு ஆத்திரம் வருகிறது. தோட்டத்தில் கட்டிய நாய் கயிற்றை அறுத்துக்கொண்டு பழைய வீட்டைத் தேடிக் கிளம்பும், ரோட்டில் அடிபட்டுத் தூக்கி வருவார்கள். பட்டினி கிடந்து வதைபடும்படி ஒரு பிராணியைக் காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. நிஜமாகவே முடியாதென்றால், நாய்க்கு ஏற்கெனவே பழக்கமான ஒரு வீட்டைத் தேடிக் கொடுங்கள். ஆனால் அப்பா இறந்து ஒரு மாதத்துக்குள் அந்த முடிவை எடுக்காதீர்கள். இது நாய்க்காக மட்டும் சொல்வதில்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு பெண், அப்பா இறந்தபின் கொஞ்ச நாள் அம்மாவோடு இருக்கக் கோவை வந்திருந்தார். வீட்டில் அப்பா வளர்த்த, கன்னி இனத்து நாய். காலை ஆறு மணிக்கு அது கயிற்றைக் கவ்விக்கொண்டு வந்து நிற்க, வேறு வழியில்லாமல் கூட்டிப் போயிருக்கிறார். வழி முழுக்க நாய்தான் முன்னால். நேராகக் குளக்கரை. அங்கே ஒரு கல்மேல் இவர் உட்காரும்வரை அது நகரவில்லை. எதிரே கூழைக்கடாக்கள் மிதக்க, ஆகாயத்தாமரை ஓரமாக நாமக்கோழிகள் மேய, நீர்க்காகம் இறக்கை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்ததாம். திரும்பும்போது பேக்கரி வாசலில் நின்று குரைத்தது. கடைக்காரர் தேங்காய் பன்னைப் பிட்டு அதற்குப் போட்டுவிட்டு, "சார் பொண்ணுங்களா? வாங்க, டீ குடிங்க" என்றிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொன்னபோது, நாய்க்குப் பன் வேண்டாமே என்று சொல்ல வந்தவன் பேசாமல் இருந்துவிட்டேன். "அப்பாவுக்கு இப்படி ஒரு காலை இருந்ததே எனக்குத் தெரியாதுங்க. இழவு வீட்டுல வராத அழுகை அந்தக் கல்லுலதாங்க வந்துச்சு" என்றார்.

நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்க்கும்போது இருவர் உடம்பிலும் பாசத்தோடு தொடர்புடைய ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று 2015இல் ஜப்பான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது இருக்கட்டும். வேளைக்குச் சோறு வைக்க எழுந்திருக்க வேண்டியிருக்கிறது, வெளியே வெயிலிலும் காற்றிலும் நடக்க வேண்டியிருக்கிறது. துக்கத்தில் இருப்பவருக்கு இந்த இரண்டும் பெரிய பிடிமானம். நாயைக் கட்டிப்பிடித்து அழும் ஆண்பிள்ளையைத் தயவுசெய்து கேலி செய்யாதீர்கள். என் அறையில் எத்தனையோ பேர் அப்படி அழுதிருக்கிறார்கள், கதவைச் சாத்திவிட்டுக் காத்திருப்பேன்.

மாதங்கள் கடந்தும் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் நாயும் குளக்கரையும் போதாது. அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416, எந்த நேரமும் பேசலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.

இப்போது உங்கள் வீட்டில் அப்படி ஒரு நாய் இருந்தால், அப்பாவின் அலமாரியில் அதன் தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். வெறிநோய் ஊசி தேதி தாண்டியிருக்கிறதா பாருங்கள். இன்றைக்கே காதையும் கால் இடுக்கையும் கழுத்துப் பட்டைக்கு அடியிலும் தடவிப் பாருங்கள். உண்ணி இருந்தால் கையால் நசுக்காமல், புத்தகத்தோடு நாயையும் கூட்டிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.